அதற்கு அடுத்த படம்

குருவியின் அப்பாவுக்குக் கல்லூரி விளையாட்டுத் துறையில் வேலை. விளையாடுகிற வேலை இல்லை. அவர் ஓடுவதெல்லாம் பஸ்ஸைப் பிடிக்க மட்டும்தான். போட்டிகளில் எடுத்த படங்களைக் கணினியில் ஏற்றுவார். எந்தப் போட்டி, யார் ஓடியது என்று குறித்து வைப்பார். நல்ல படங்களைப் பொறுக்கி, எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போடுவார்.

பள்ளி விட்டதும் குருவி அங்கேதான் வருவாள். அம்மா வேலை முடிந்து வந்து அழைத்துப் போகும்வரை அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலி அவளுடையது.

கண்ணை மூடிக்கொண்டவர்கள், கொட்டாவி விடுபவர்கள், தலை வெட்டுப்பட்டவர்கள் எல்லோரும் கணினியில் 'கழிவு' என்ற பகுதிக்குப் போய்விடுவார்கள். துறைத் தலைவரே பல தடவை அங்கே போயிருக்கிறார்.

"வெளியில சொல்லிடாத. எனக்கு வேலை போயிடும்" என்பார் அப்பா. இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்த அப்பாதான் இப்போது சிரிப்பதே இல்லை. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, அப்படியே எழுந்து போய்விடுகிறார்.

நடந்தது இதுதான். கல்லூரிகளுக்கு இடையே ஓட்டப் போட்டி. நீண்ட தூர ஓட்டத்தின் கடைசிச் சுற்றில், அப்பாவின் கல்லூரி மாணவி ஒருத்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்தாள். வெயிலில் வந்த மயக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். வழக்கம்போல அன்று மாலையே படங்களைப் போட்டார். அவள் விழுந்து கிடக்கும் படமும் அவற்றில் ஒன்று.

கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. அவளுடைய இதயத்தில் பிறவியிலேயே ஏதோ கோளாறு. யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவள் பிழைக்கவில்லை.

அப்பா பதறிப்போய் அந்தப் படத்தை எடுத்துவிட்டார். அதற்குள் அது போன் விட்டுப் போன் தாவிவிட்டது.

அவளுடைய தம்பி குருவியின் வகுப்பில்தான் படித்தான். சுருள் சுருளான முடி என்பதால் எல்லோருக்கும் அவன் சுருட்டை. பல நாள் கழித்துப் பள்ளிக்கு வந்தவன் யாரோடும் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நேராகக் குருவியிடம் வந்தான்.

"அந்தப் படத்தைப் போட்டது உங்கப்பாதானே?"

குருவி சாப்பாட்டு டப்பாவை மூடினாள். "ஆமா. ஆனா அன்னிக்கே எடுத்துட்டாங்க."

"நான் பாத்துட்டேன். பஸ்ல பக்கத்துல உக்காந்திருந்தவர் போன்ல பாத்துட்டிருந்தாரு. எங்கக்கான்னு அவருக்குத் தெரியாது."

சுருட்டை அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று குருவிக்குத் தோன்றியது.

"அவ கீழ கெடக்கா. முன்னாடி ஓடினவங்க எல்லாம் முதுகைக் காட்டிட்டுப் போறாங்க. ஒருத்தர்கூடத் திரும்பல. படம் எடுத்தவரும் சும்மா நின்னு படம் எடுத்திருக்காரு" என்றான். "அம்மா அந்தப் படத்தைப் பாக்கல. 'எம்பொண்ணை யாருடா தூக்கினது'ன்னு கேட்டுட்டே இருக்காங்க. நான் என்ன சொல்றது?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டான்.

அன்று கணக்குப் பாடம் குருவியின் ஒரு காதில்கூட நுழையவில்லை. அவளுக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. படம் எடுத்தது கேமரா அண்ணன். அதே கல்லூரியில் படிக்கிற மாணவர். அவர் எப்போதும் ஒற்றைப் படம் எடுக்க மாட்டார். பொத்தானை அழுத்தினால் கேமரா படபடவென்று எடுத்துத் தள்ளும். அப்படியானால் அதற்கு அடுத்த படம் எங்கே?

மாலையில் அப்பாவிடம் அதைத்தான் கேட்டாள்.

அப்பாவின் முகம் இருண்டது. "அந்தப் பேச்சு வேணாம் குருவி."

"எங்கேப்பா இருக்கு?"

"கழிவுல கெடக்கும். எல்லாம் மங்கலா இருந்துச்சு. அதான் போடல."

"நீங்க நல்லா பாத்தீங்களா?"

"அவசரத்துல பாத்தும் பாக்காமத் தள்ளிட்டேன். அப்புறம் அதைத் திறக்க எனக்குத் தைரியம் வரல."

சுருட்டை சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். அப்பா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அந்தப் படங்களைத் திறந்தார்.

முதலில் அந்தப் படம். குருவி கண்ணை மூடிக்கொள்ள நினைத்தாள். மூடவில்லை.

அடுத்த படத்தில், ஓரத்தில் ஒரு கால் மட்டும் தெரிந்தது. அதற்கடுத்ததில் அந்தக் காலுக்கு உரியவளே வந்துவிட்டாள். சிவப்புச் சட்டை. வேறு கல்லூரிக்காரி. சுருட்டையின் அக்காவுக்குப் பின்னால் ஓடி வந்தவள். தாண்டிப் போகாமல் அங்கேயே நின்றுவிட்டாள். அடுத்ததில், தரையில் உட்கார்ந்து அக்காவின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையை உயர்த்தி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். படம் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் எல்லாம் புரிந்தது.

கடைசிப் படத்தில் ஆளே இல்லை. சரிந்த புல்தரை, ஒரு வெள்ளைக் கோடு, பாதி ஷூ.

"இது யாரோட ஷூப்பா?"

அப்பாவின் குரல் உடைந்தது. "நம்ம கேமரா அண்ணனோடது. கேமரா கழுத்துல தொங்க ஓடியிருக்கான். அது தானா எடுத்த படம்."

அவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதையெல்லாம் இப்பவே போட்டுடறேன். ஊரு பூராவும் பாக்கட்டும்."

"வேணாம்ப்பா!"

"ஏன்?"

"முதல்ல அவங்கம்மாவைக் கேக்கணும்."

"படம் காலேஜோடதும்மா."

"அதுல இருக்கிற அக்கா?"

அப்பா கணினியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் குருவி சுருட்டையிடம் சொன்னாள். "அதுக்கு அப்புறம் எடுத்த படம் இருக்கு. எங்கேயும் போடல. யாருக்கும் அனுப்பல. வேணும்னா வந்து பாரு."

"இன்னொரு படமா? எனக்கு வேணாம்." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். குருவி வற்புறுத்தவில்லை.

பள்ளி விட்டதும் வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான். காலால் மண்ணைக் கீறினான்.

"அதுல யாராவது திரும்பினாங்களா?"

"ஒருத்தங்க நின்னாங்க."

"அம்மாவைக் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

அவர்கள் வந்தபோது கேமரா அண்ணனும் அறையில் இருந்தார். அப்பாதான் வரச் சொல்லியிருந்தார். அந்தப் போட்டிக்குப் பிறகு அவர் கேமராவைத் தொடவே இல்லை. சுவரோடு சுவராக நின்றார்.

அப்பா எழுந்து கை கூப்பினார். "அம்மா, அந்தப் படத்தைப் போட்டது நான்தான். மன்னிச்சிடுங்க."

"தெரியும். காட்டுங்க" என்றார் சுருட்டையின் அம்மா.

"அவ விழுந்ததையுமா? வேணாம்மா."

"ஊரே பாத்தாச்சு. பெத்தவ பாக்கக்கூடாதா?"

பார்த்தார். புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்தார். மடியில் தலை இருந்த படம் வந்ததும் திரையைத் தொட்டார். விரலை எடுக்கவே இல்லை. சுருட்டை அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, அப்போதுதான் அழுதான். அறையில் யாரும் அவனைத் தடுக்கவில்லை.

கடைசிப் படத்தைப் பார்த்துவிட்டு அவன் கேமரா அண்ணனின் காலைப் பார்த்தான்.

"நீங்களும் ஓடினீங்களா?"

அவர் தலையாட்டினார்.

"அக்கா ஏதாவது பேசினாளா?"

கேமரா அண்ணன் சுவரை விட்டு ஓர் எட்டு முன்னால் வந்தார். "'எத்தனாவதா வந்தேன்'னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மூணாவதுன்னு சொன்னேன்."

"பொய்யா?"

"விழும்போது மூணாவதாத்தான் ஓடிட்டிருந்தா. அதனால பொய்னு எனக்குத் தோணல."

சுருட்டை மூக்கைத் துடைத்துக்கொண்டான். "மூணாவதா? கோபம் வந்திருக்குமே அவளுக்கு."

"வந்துச்சு. முறைச்சா."

அழுகைக்கு நடுவே சுருட்டையின் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முறைப்பா. எனக்குத் தெரியாதா அவளை" என்றார். பிறகு சிவப்புச் சட்டையைக் காட்டி, "இந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. "நின்னிருக்காட்டி அன்னிக்கு அந்தப் பொண்ணுக்குத்தான் மூணாவது பரிசு" என்று மட்டும் சொன்னார் கேமரா அண்ணன்.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். படத்தைப் பெரிதாக்கினார். சட்டையில் குத்தியிருந்த எண்ணில் பாதிதான் தெரிந்தது. மற்றப் படங்களில் சிவப்புச் சட்டைகளாகத் தேடத் தொடங்கினார். குருவி ஒரு பக்கமும் சுருட்டை ஒரு பக்கமும் உட்கார்ந்து, "அது இல்ல", "அது உயரம்", "இதோ, இதோ!" என்று கத்தினார்கள். எண் கிடைத்தது. எண்ணை வைத்து அவளுடைய கல்லூரியையும் அப்பா கண்டுபிடித்தார்.

"படத்தை என்ன செய்யட்டும்மா?" என்று அப்பா கேட்டார்.

"எங்க வீட்டுக்கு ஒண்ணு கொடுங்க. வெளியில எங்கேயும் போடாதீங்க."

அன்று இரவு அப்பா தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டார்.

அப்பா அவள் கல்லூரிக்குச் சொல்லி அனுப்ப, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிவப்புச் சட்டைப் பெண் வந்தாள். சுருட்டை வீட்டுக்குக் குருவியும் அப்பாவும் முன்பே போயிருந்தார்கள். வாசற்படியில் நின்ற அவள் உள்ளே வரத் தயங்கினாள். படத்தில் பார்த்ததைவிடச் சின்னப் பெண்ணாக இருந்தாள்.

"என்னால காப்பாத்த முடியலம்மா" என்றாள்.

சுருட்டையின் அம்மா அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

சுருட்டை உள்ளே போய், இருப்பதிலேயே நல்ல நாற்காலியைத் தூக்கி வந்தான். சட்டையாலேயே அதைத் துடைத்தான். அவன் யாரையும் 'அக்கா' என்று கூப்பிட்டுப் பல நாள் ஆகியிருந்தது.

"உக்காருங்கக்கா" என்றான்.