மான்யாவின் டிரைவ்

டிரைவ் சுற்றுகிற சத்தம் கேட்டது. மேசைமேல் உள்ளங்கையை வைத்தால் அதன் மெல்லிய அதிர்வுகூடத் தெரிந்தது. ஆனால் லேப்டாப் விடாப்பிடியாக ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது: இந்தச் சாதனத்தை வேறொரு மெஷின் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது.

வேறொரு மெஷின் என்றால் அது வாரிஜா காலையில் அந்த லேப்டாப்புக்குள் அமைத்து வைத்த விர்ச்சுவல் மெஷினாகத்தான் இருக்க வேண்டும். அதை அவள் இன்னும் ஆன் செய்யவே இல்லை.

கின்னிகோளி ஊரில் ஆடி மழை பிடித்தால் மதியத்துக்கும் சாயங்காலத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ஓட்டின்மேல் விழும் மழை, தகரத்தின்மேல் விழும் மழை, பாக்குத் தோப்பில் விழும் மழை என்று மூன்று சத்தங்களும் சேர்ந்து வீட்டைச் சுற்றி நின்றன. துணியெல்லாம் பூசண வாசனை. அவள் விளக்கைப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். இன்றைக்கு அவள் மகளுக்குக் கல்யாணம்.

உயிரோடிருப்பவர்களுக்கு ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். செத்தவர்களுக்கு ஆடியில்தான் வைப்பார்கள். மான்யா நாலு வயதில் மூளைக்காய்ச்சலில் போனாள். போன பிள்ளைகள் அங்கேயும் வளர்கிறார்கள், வயது வந்தால் அவர்களுக்கும் துணை வேண்டும் என்பது அந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கை. வாரிஜாவின் கணவன் கருணாகரவின் அக்கா கிரிஜாவின் மகளுக்குப் பார்த்த வரனெல்லாம் கடைசி நேரத்தில் தட்டிப்போனது. சோழி போட்டுப் பிரசன்னம் பார்த்ததில், வீட்டில் ஒரு பெண் கல்யாண வயதில் காத்திருக்கிறாள் என்று வந்தது. கார்க்களத்தில் சுஜன் என்று ஒரு பையன். தவழ்கிற வயதில் போனவன். ஜாதகம் பொருந்தியது.

மாப்பிள்ளையின் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். மருமகளின் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாள். முகம் இந்த வீட்டில் எங்கே இருக்கிறது? துக்கம் தீர வேண்டுமென்று கிரிஜக்கா மான்யா போன அன்றைக்கே எல்லாப் படங்களையும் பெட்டியோடு கடலில் விட்டுவிட்டாள். தப்பியது இந்தப் பழைய டிரைவ் மட்டும்தான். அதிலும் படங்கள் பூட்டிக் கிடந்தன. அவற்றைத் திறக்கும் ஆல்பம் புரோகிராம் அந்தக் காலத்து விண்டோஸில்தான் ஓடும். அதற்காகத்தான் கம்ப்யூட்டருக்குள் பொய்யாக ஒரு பழைய கம்ப்யூட்டரை உண்டாக்கியிருந்தாள்.

வாரிஜா பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்பவள். இதெல்லாம் அவளுக்குக் கைவந்த வேலை. கேபிளை மாற்றினாள். டிரைவுக்கு மின்சாரம் போதவில்லையோ என்று தனி அடாப்டர் உள்ள ஹப்பில் செருகினாள். பழைய விண்டோஸுக்குப் புது யூஎஸ்பி புரியாது என்பதால் அமைப்பில் பழையதைத் தேர்ந்தெடுத்தாள். எதுவும் பலிக்கவில்லை. டிரைவ் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. லேப்டாப் என்கிற வெளி மெஷின் விட்டால்தான் அதற்குள் உண்டாக்கிய உள் மெஷின் எடுக்கும். இங்கே வெளியிலும் இல்லை, உள்ளே எடுக்க ஆளும் இல்லை. ஆனாலும் யாரோ எடுத்து வைத்திருந்தார்கள்.

போன் அடித்தது. கார்க்களத்துக் கல்யாண வீட்டிலிருந்து கிரிஜக்கா.

"என்ன வாரிஜா, போட்டோ கெடச்சுதா? மாப்பிள வீட்டுக்காரங்க பூவக் கட்டி, எலையப் போட்டு ஒக்காந்திருக்காங்க. பொண்ணோட அம்மா மட்டும் கம்ப்யூட்டர் முன்னாடி தவம் கெடக்கறா."

"டிரைவ எடுக்க மாட்டேங்குது அக்கா."

"ஊருக்கெல்லாம் ரிப்பேர் பாப்பே, சொந்த வீட்டுதுன்னா மட்டும் ஓடாது. சீக்கிரம் வாம்மா மாராய்தி. பொடவைய மணைல வச்சாச்சு. இந்தச் செவப்பு உனக்கு எங்கதான் கெடச்சுதோ, எல்லாரும் கேக்கறாங்க."

வாரிஜா போனை வைத்தாள். அந்தப் புடவையை அவள்தான் கடை கடையாக ஏறி வாங்கினாள். மடித்து வைக்கும்போது அழவில்லை. மானு உடுத்தினால் கொசுவம் எத்தனை மடிப்பு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் அழுதாள். அவளுக்கு இந்தக் கல்யாணம் பிடிக்கவில்லை. செத்தும் இத்தனை வருடம் தன்னிடம் இருந்தவளை யாருக்கோ கொடுத்துவிடச் சொல்கிறார்கள். கொடுத்தபின் ஆடியில் இலை போட்டுச் சோறு படைத்து அவளை அழைக்கும் உரிமைகூட அந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் போகும்.

அவள் உள் மெஷினை ஆன் செய்தாள்.

பழைய விண்டோஸ் திறந்தது. பச்சைப் புல்வெளி, நீல வானம், மூலையில் கடிகாரம். டிரைவ் ஏற்கெனவே அங்கே இருந்தது. அவள் எதையும் தொடும் முன்னால் ஆல்பம் தானாக விரிந்தது.

மான்யா.

தொட்டிலில் மான்யா. சோற்றை முகமெல்லாம் அப்பிக்கொண்ட மான்யா. வாசலில் தேங்கிய தண்ணீரில் ஒரு கால் செருப்போடு குதிக்கிற மான்யா. வாரிஜா வாயைப் பொத்திக்கொண்டாள். முகம் மறந்துபோயிருந்தது. பெற்றவளுக்கே மறந்துபோயிருந்தது. வலது புருவத்தில் இருந்த சின்னத் தழும்பு, சிரித்தால் மேலேறும் மூக்கு, எல்லாமே இப்போதுதான் திரும்பி வந்தன. அறையில் செம்பருத்தி இலை அரைத்துத் தேய்த்த ஈரத்தலையின் வாசனை வந்தது. அந்த வீட்டில் யாரும் செம்பருத்தி இலை தேய்த்து வெகுகாலம் ஆகிறது.

கடைசிப் படம் ஆஸ்பத்திரிக் கட்டிலில். அத்தோடு ஆல்பம் முடிய வேண்டும்.

முடியவில்லை. கீழே இன்னும் படங்கள் இருந்தன. அவள் கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டேயிருந்தன.

அவற்றில் குழந்தை இல்லை. இந்த வீடுதான் இருந்தது. எல்லாம் தாழ்வான உயரத்திலிருந்து எடுத்தவை. மேசைக் கால்கள், கட்டிலின் அடி, சமையலறை வாசல். ஒவ்வொன்றிலும் வாரிஜா இருந்தாள், ஒவ்வொன்றிலும் முதுகு மட்டும். சோறு வடிக்கிற வாரிஜா. பீரோவில் குழந்தைச் சட்டையை முகர்ந்துகொண்டு நிற்கிற வாரிஜா. அந்தச் சட்டையைப் பற்றி அவள் கணவனுக்குக்கூடத் தெரியாது. போகப்போக உயரம் கூடியது. இடுப்பளவு. தோளளவு. கூந்தலில் நரை கண்ட வாரிஜா, முதுகு கூனிய வாரிஜா. இத்தனை வருடமும் யாரோ அவள் பின்னாலேயே நின்றுகொண்டு, அவள் திரும்புவாளா என்று பார்த்துக்கொண்டே வளர்ந்திருக்கிறார்கள்.

கடைசிப் படத்தில் அவள் இந்த நாற்காலியில் இந்தச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். அந்தப் படம் அசைந்தது.

திரும்பக் கூடாது என்று தோன்றியது. திரும்பினாள். பின்னால் காலியான அறை, ஈரத் துணிகள், மூடிய கதவு. மறுபடி திரையைப் பார்த்தாள்.

திரையில் அந்த அறையில் ஒரு பெண் இருந்தாள். சிவப்புப் புடவை. கார்க்களத்தில் மணைமேல் வைத்திருக்கிற அதே புடவை, அதே கரை. கொசுவம் சரியாக அமையாமல் குனிந்து நீவி விட்டுக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே, பாவம். நிமிர்ந்தபோது வலது புருவத்தில் தழும்பு தெரிந்தது.

வாரிஜா திரைப் பக்கம் குனிந்தாள். பயமா, சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை. பயம்தான். ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"மானு."

அந்தப் பெண் தலையைத் தூக்கினாள். சிரித்தாள். மூக்கு மேலேறியது. சத்தம் லேப்டாப்பிலிருந்து வரவில்லை, மழைக்குள்ளிருந்து வந்தது.

"போயிட்டு வரேம்மா. எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"இப்பத்தானே வந்தே. கொஞ்ச நேரம் இருடி."

"நான் எப்பவும் இங்கதாம்மா இருந்தேன். நீதான் திரும்பல."

அவள் வாசல் பக்கம் நடந்தாள். திரைக்குள் கதவு திறந்திருந்தது. வெளியே மழை வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலைத் தூக்கி வாசற்படிக்கு அப்பால் வைக்கப் போனாள்.

டிரைவ் இணைந்திருக்கும்போது உள் மெஷினை அப்படியே உறைய வைக்கக் கூடாது. வாரிஜா தன் மாணவர்களை எத்தனையோ தரம் திட்டியிருக்கிறாள். அப்படிச் செய்தால், டிரைவ் தன் கையில்தான் இருக்கிறது என்று உள் மெஷின் நினைத்துக்கொண்டிருக்கும். வெளி மெஷினோ அதைக் கைகழுவிவிட்டிருக்கும். நடுவில் உள்ளது எந்தப் பக்கத்துக்கும் சொந்தமில்லாமல் போகும். திரும்ப ஓட்டினால் வரலாம், வராமலும் போகலாம்.

எல்லாம் தெரிந்தும் அவள் நிறுத்து பட்டனை அழுத்தினாள்.

திரைக்குள் எல்லாம் நின்றது. மழை நின்றது. மூலைக் கடிகாரம் நின்றது. தூக்கிய கால் தூக்கியபடி, பாதி திரும்பிய முகத்தோடு மகள் நின்றாள். வாரிஜா திரையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, தழும்பின்மேல் விரலை வைத்தாள். இனி எங்கேயும் போக மாட்டாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு மூச்சு முழுதாக உள்ளே போனது.

போன் அடித்தது. கருணாகர.

"வாரிஜா, இங்க என்னமோ சரியில்ல. அரிசி போடறப்போ பொண்ணு பக்கத்து வெளக்கு அணைஞ்சு போச்சு. ஏத்தினா நிக்கல. காத்தும் இல்ல."

"ம்."

"பொண்ணு இன்னும் வரல, கூப்பிடுங்கங்கறாரு சடங்கு நடத்தற பெரியவரு. அந்தம்மா வாசல்லயே நிக்கறாங்க. எம்மகன் தனியா ஒக்காந்திருக்கான், எம்மருமவ ஏன் வரலன்னு அழறாங்க. பாக்கவே முடியல வாரிஜா."

"இருக்கட்டும்."

"என்ன இருக்கட்டும்?"

"எனக்கும் ஒரே மக."

அந்தப் பக்கம் அவன் குரல் உடைந்து வந்தது.

"எனக்கும் மகதானே. அவள எங்கேயாவது நல்லா இருக்க விடு வாரிஜா. அனுப்பிடு."

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் திரையைப் பார்த்தாள். முதலில் கண் கூசுகிறது என்று நினைத்தாள். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

மழை நின்றுதான் இருந்தது. கடிகாரமும் நகரவில்லை. தூக்கிய காலும் அப்படியேதான் இருந்தது.

கண்மணி மட்டும் நகர்ந்தது.

மெல்ல. பக்கவாட்டில். கதவைப் பார்த்தது. பிறகு அம்மாவைப் பார்த்தது.

வாரிஜா ஓட்டு பட்டனை அழுத்தினாள். எதுவும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். சாதனத்தைக் காணவில்லை என்றது லேப்டாப். டிரைவின்மேல் கை வைத்தாள். சுற்றவில்லை. சில்லென்றிருந்தது. கேபிளைப் பிடுங்கிச் செருகினாள். வெளியிலும் இல்லை. உள்ளேயும் இல்லை. ஹப்பை மாற்றினாள். வேறு துளை. வேறு கேபிள். அடாப்டரைப் பிடுங்கினாள், செருகினாள். இல்லை. இல்லை. வாய் தானாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது.

"வாரிஜா? என்ன பண்றே?"

"முடியலங்க. அவ நடுவுல நிக்கறா. எனக்கு அவள எடுக்கத் தெரியல. எனக்குத் தெரியலங்க."

லேப்டாப்பை அணைத்தாள். அதன் விசிறி நின்றது. அதன் சின்ன விளக்குகளும் போயின. பேட்டரியையும் கழற்றிக் கட்டில்மேல் எறிந்தாள்.

திரை அணையவில்லை.

மங்கிய சாம்பல் நிறத்தில் அவள் மகள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். பட்டுப்புடவை. பாதி சிரிப்பு. அந்தச் சிரிப்பை மாற்றக்கூட அவளால் முடியவில்லை. அதன்மேலேயே கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. தூக்கிய கால் வலி தாங்காமல் நடுங்கியது. உதடுகள் பிரியாமல், உள்ளுக்குள்ளேயே, அம்மா அம்மா என்று ஒரு குழந்தையின் குரல் கூப்பிட்டது. நாலு வயதுக் குரல். வாரிஜா திரைக் கண்ணாடியில் நகத்தை வைத்துச் சுரண்டினாள். உள்ளிருந்தும் யாரோ சுரண்டினார்கள்.