ஊசிக்குக் கேட்ட காலடி

மாமோயோ அறைக்குள் நடந்து வந்தாள். ஒலிபெருக்கியில் சத்தமே வரவில்லை.

அவள் கணவன் புசானிக்கு முதலில் அது வெற்றியாகத்தான் பட்டது. புலவாயோ நகரத்து அந்தப் பழைய வீட்டுக்குப் பலகைத் தரை. ஏலத்தில் எடுத்த ரெக்கார்ட் பிளேயரை அங்கே வைத்ததிலிருந்து, யார் நடந்தாலும் ஊசி தாங்கிய கை துள்ளும், பாட்டு தாவும். கையின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம், அதில் தேன்போல் கெட்டியான எண்ணெய், எண்ணெயில் தோயும் ஒரு துடுப்பு. துடுப்பை ஆழமாக இறக்கினால் துள்ளல் அடங்கும் என்று சொல்லியிருந்தார்கள். மழை தகரக் கூரையை அறைந்துகொண்டிருந்த அந்தச் சாயங்காலம் முழுக்க அவன் துடுப்பை இறக்கும் திருகைத் திருகித் திருகிப் பார்த்தான். சுழலாத இசைத்தட்டின்மேல் ஊசியை வைத்து, ஒலியைக் கூட்டி, தரையை உதைத்தான். ஒலிபெருக்கியில் தும். பூனை நாற்காலியிலிருந்து குதித்தால்கூட, தும்.

இப்போது இல்லை.

"அடங்கிடுச்சு! மாமோயோ, இன்னொரு தடவ நட, பாப்போம்."

"ஏன் பாபா, இந்த வயசுல என் நடையழகு பாக்கணுமா?"

கணவனை அவள் 'பாபா' என்றுதான் கூப்பிடுவாள். சன்னல்வரை போய்த் திரும்பினாள். சர்ச் பெண்கள் கூட்டத்துக்குப் போட்டுப்போன சிவப்புச் சட்டை. சத்தம் இல்லை. சிரித்துக்கொண்டே அவன் தன் குதிகாலைத் தரையில் லேசாகத் தட்டினான்.

தும்.

சிரிப்பு நின்றது. மறுபடி தட்டினான். தும்.

"குதி," என்றான்.

அவள் குழந்தைபோல் சிரித்துக்கொண்டு இரண்டு கால்களையும் தூக்கிக் குதித்தாள். கிண்ணத்து எண்ணெயில் ஒரு சுருக்கம் விழவில்லை. அப்போதுதான் கவனித்தான். கொட்டுகிற மழையில் வந்தவளின் சட்டை உலர்ந்திருந்தது.

தும்.

தொலைவில். வெளித் தாழ்வாரத்தில். தும்... தும். முழங்கால் வலியால் ஒரு காலை இழுத்து இழுத்து வைக்கும் நடை. இருபது வருடமாக அவனுக்குத் தெரிந்த நடை.

"கதவத் தொற பாபா! தொப்பலா நனஞ்சிட்டேன். காதுல விழலையா?"

உள்ளே நின்றவள் சிரிப்பை நிறுத்தினாள். வாய் மட்டும் மூடவில்லை.

"நீ இரு," என்றாள் மெதுவாக. "நான் தொறக்கறேன்."

ஓடிப்போயிடு என்று கத்தத்தான் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. தாழ்ப்பாள் நகர்ந்தது. ஈரக்காற்று. மண்வாசனை.

"யாரு நீ...?" என்றது வெளியே மாமோயோவின் குரல்.

வாசலுக்குள் ஒரு காலடி. தும்.

அடுத்தது கேட்கவில்லை.

காத்திருந்தான். மழை மட்டும். பிறகு நடைவழியில் நிழல் அசைந்தது. சிவப்புச் சட்டை போட்ட இருவர், ஒன்று உலர்ந்தது, ஒன்று சொட்டுவது, கைகோத்துக்கொண்டு, ஒரே சிரிப்போடு, சத்தமே இல்லாமல் பலகைத் தரைமேல் அவனை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.