பூதிநங்கை தைத்த கொடி

மேற்குக் குன்றுகளுக்குப் பின்னால் கதிரவன் சாய, கீழ்வானில் எழுந்த முழுமதி வெள்ளாற்றின் மீது வெள்ளிப் பாயை விரித்தது. கரையெங்கும் நாணல் பூத்துக் கிடந்தது; மருத மரங்களில் நாரைகள் வந்து அடைந்தன. ஆனால் அந்த அழகைக் கண்டு களிக்கக்கூடிய நிலையில் நீலவாய்க் கோட்டைக்குள் ஒருவரும் இல்லை என்பதை வாசகர்களிடம் வருத்தத்துடனேயே சொல்ல வேண்டியிருக்கிறது. கண்ணெதிரே ஆறு ஓடியும் அதில் ஒரு குடம் நீர் மொள்ள வழியில்லை. பகைவன் மருதரையனின் வில்லாளிகள் கரையைக் காத்து நின்றார்கள். கோட்டைத் தலைவர் அம்புபட்டு மாண்டபின் அவருடைய ஒரே மகள் பூதிநங்கையே பொறுப்பேற்றிருந்தாள். உள்ளே சுனையும் வற்றிவிட்டது.

அந்த அந்தி வேளையில்தான் அக்கரையில் பெரும்படை ஒன்று தோன்றியது. அதன் முன்னே பொறைநாட்டின் பன்றிக் கொடி பறந்தது. அதைக் கண்டதும் மருதரையனின் வில்லாளிகள் கரையை விட்டு ஓடினார்கள்.

"பொறைநாட்டு இளவரசர் கடம்பவேள் உதவிக்கு வந்திருக்கிறார்! ஆற்று வாயிலைத் திறந்து வையுங்கள்!" என்று அக்கரையிலிருந்து ஒரு குரல் முழங்கியது.

கோட்டைக்குள் அழுகையும் ஆரவாரமும் ஒன்றாக எழுந்தன. படைத்தலைவர் மாறன்கண்டன் வாயிலை நோக்கி விரைந்தார்.

"பொறுங்கள், படைத்தலைவரே!" என்றாள் பூதிநங்கை.

"தேவி, இன்னும் எதற்காகப் பொறுப்பது? குழந்தைகள் நா வறண்டு மயங்கிக் கிடக்கிறார்கள். அதோ பறப்பது தங்களை மணக்க இருப்பவரின் கொடி அல்லவா?"

"பன்றி தெரிகிறது, ஐயா. அதை வரைந்தவர் யாரென்று தெரியவில்லையே! மருதரையனிடமும் துணியும் சாயமும் இருக்கின்றன. வில்லாளிகள் ஓர் அம்புகூட எய்யாமல் ஓடியது தங்களுக்கு வியப்பாக இல்லையா?"

மாறன்கண்டன் தயங்கினார். "உண்மையை எப்படி அறிவது? இளவரசரை நம்மில் எவரும் நேரில் கண்டதில்லையே."

"மணம் பேசி முடித்தபோது நாம் அனுப்பிய கொடியை நானே தைத்தேன். பன்றியின் கண்ணில் செம்பட்டு நூல் சிக்கி ஒரு முடிச்சு விழுந்தது. அவிழ்க்க முடியாமல் அப்படியே விட்டுவிட்டேன். அருகில் சென்றால் என் கைவேலையை அறிந்துகொள்வேன்."

மீன் விற்பவளைப் போல் கூடையைத் தலையில் சுமந்து, ஒற்றன் சாத்தன் செலுத்திய பரிசலில் அவள் ஆற்றைக் கடந்தாள். பாசறையில் சமையல் நெருப்புகள் எரிந்துகொண்டிருந்தன. கூடையை இறக்குவதுபோல் கொடிக்கம்பத்தின் அடியில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். காற்றில் கொடி விரிந்தது. பன்றியின் கண்ணில் செம்பட்டு முடிச்சு!

மெய்யான கொடிதான்! அவர் வந்தேவிட்டார்! அவளையும் அறியாமல் கண்களிலிருந்து நீர் வழிந்தது.

அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியவள் கட்டியிருந்த குதிரைகளைக் கண்டாள். அவற்றின் தொடையில் பன்றிக் குறி சுடப்பட்டிருந்தது. ஆனால் புண் இன்னும் ஆறவில்லை. அதன் அடியில் மருதரையனின் பழைய சூலக் குறி வடுவாகத் தெரிந்தது. குதிரைகள் அவனுடையவை; கொடியோ இளவரசருடையது. அப்படியானால் கொடியைக் காத்தவர்கள் எங்கே?

"குதிரையை அப்படிப் பார்க்காதே, பெண்ணே" என்றது ஒரு தாழ்ந்த குரல். தலையில் இரத்தம் தோய்ந்த துணி சுற்றி, காலில் விலங்கு பூண்ட குதிரைக்காரன் ஒருவன் புல் கட்டை உதறிக்கொண்டிருந்தான். "கொடியைக் கண்டு நீ அழுதாய். மீன் விற்க வந்தவள் கொடிக்காக அழமாட்டாள். கோட்டையிலிருந்துதானே வருகிறாய்?"

அவள் கூடையை எடுக்கக் குனிந்தாள்.

"சொல்ல வேண்டாம்; கேட்டுக்கொள். காட்டுவழியில் எங்களை மறித்து வெட்டினார்கள். எஞ்சியவர்கள் இந்தக் குதிரைகளோடு கட்டுண்டு கிடக்கிறோம். வாயிலைத் திறந்தால் உங்களுக்கும் அதே கதிதான்."

"இளவரசர்?" என்றாள்.

"அந்தப் பெயரோடு இங்கே ஒருவரும் உயிரோடு இல்லை" என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கொடிக்கு நெருப்பு வையுங்கள். எரியும் துணி விழுந்தால் குதிரைகள் மிரண்டு அறுத்துக்கொண்டு ஓடும். அந்தக் கலவரம் எங்களுக்குப் போதும். போ, போய்விடு!"

அவள் பரிசலில் கோட்டைக்குத் திரும்பினாள்.

"கொடி மெய்யா, பொய்யா?" என்று கேட்டார் மாறன்கண்டன்.

"மெய்யான கொடி" என்றாள். மகிழ்ந்து எழுந்த கூட்டத்தைக் கையமர்த்தினாள். "அதனால்தான் வாயிலைத் திறக்கக் கூடாது. அது களத்தில் பறித்த கொடி. அவர் இறந்துவிட்டார்."

மதில்மேல் வில்லாளி ஒருவன் தீ மூட்டிய அம்பை நாணில் தொடுத்தான். அவள் வில்லோடு அதை வாங்கிக்கொண்டாள். தான் தைத்ததை, தன் கணவனாக வேண்டியவனின் கொடியை, பிறர் எரிப்பதை அவள் நெஞ்சம் பொறுக்கவில்லை. முதல் அம்பு ஆற்றில் விழுந்தது. இரண்டாவதும் தவறியது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு எய்த மூன்றாவது அம்பு பட்டுத் துணியைப் பற்றியது.

எரிந்த கொடி குதிரைகளின் நடுவே விழுந்தது. கட்டறுத்த குதிரைகள் பாசறையை மிதித்துச் சின்னாபின்னமாக்கின. சிறைப்பட்டவர்கள் விலங்கையே ஆயுதமாக்கிப் போரிட்டார்கள். மாறன்கண்டனின் வீரர்களும் ஆற்றைக் கடந்து பாய்ந்தார்கள். பொழுது புலர்ந்தபோது மருதரையன் ஓடிவிட்டிருந்தான். விடியல் ஒளியில் வெள்ளாறு செந்நிறமாக ஓடியது; குடம் குடமாக அதன் நீர் கோட்டைக்குள் சென்றது.

காயம்பட்ட கூட்டமொன்று ஆற்று வாயிலை வந்தடைந்தது.

"எவர் படை? கொடி எங்கே?" என்று அதட்டினான் காவலன்.

"கொடி இல்லை" என்றான் முன்னால் நின்ற குதிரைக்காரன்.

"திறவுங்கள்!" என்று கூவியபடி பூதிநங்கை படிகளில் இறங்கி ஓடி வந்தாள். அதற்குள் அவன் தள்ளாடி விழப்போக, பின்னால் நின்றவர்கள், "இளவரசே!" என்று அலறித் தாங்கிக்கொண்டார்கள்.

அவள் திகைத்து நின்றாள். "இறந்துவிட்டதாகச் சொன்னீர்களே!"

"என் கவசத்தை அணிந்து எனக்காக மாண்டவன் என் கொடிக்காரன். நான் உயிரோடு இருப்பது தெரிந்தால் எங்கள் அனைவரையும் அப்போதே கொன்றிருப்பார்கள், தேவி."

"உங்கள் கொடியை நான் எரித்துவிட்டேன். வேறொன்று தைத்துத் தருகிறேன்."

"இப்போது வேண்டாம்" என்றான் கடம்பவேள். "அதைக் காத்தவர்கள் அந்தக் காட்டில் நரிகளுக்கு இரையாகக் கிடக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் நடுகல் நாட்டும்வரை பொறைநாட்டுக்குக் கொடியில்லை, எனக்கு மணமும் இல்லை. இது ஆணை!"

பூதிநங்கை அவன் தோளைத் தன் தோளில் தாங்கிக்கொண்டாள்.

"காட்டுக்கு நானும் வருகிறேன். முதலில் தண்ணீர் அருந்துங்கள்" என்றாள்.