அன்னாசித் தட்டைப் பறித்தவன்

கரண்டி வாய்க்குப் போகும் நேரத்தில் தட்டு காணாமல் போய்விட்டது.

ஆமாம், தட்டேதான். பாதியாகப் பிளந்த அன்னாசிக்குள் பொன்னிறமாகக் குவித்திருந்த சோறு, மேலே முந்திரி, ஓரத்தில் ஓர் ஊதாப் பூ... அத்தனையும் விசாலியின் கண்ணெதிரே அந்தரத்தில் நின்றது. தட்டைப் பிடித்திருந்த கையின் நகங்களில் கறுப்பு மண். முழங்கை வரை முள் கீறல்கள்.

"சாப்பிடாதீங்க..." என்றது ஒரு குரல்.

நிமிர்ந்தாள். மழையில் நனைந்த டீ-சட்டை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், நெற்றியில் ஒட்டிய முடி. கண்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அப்போது விசாலிக்கு அடுத்தவன் கண்ணைப் பார்க்கும் பொறுமை இல்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காத வயிறு அவளுடையது.

புரட்டாசி மூன்றாம் சனி. பெருமாள் கோயிலிலிருந்து தலையில் துளசியோடு நேராக இங்கே வந்திருந்தாள். குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்ட அம்மா மறுபடி நடக்க வேண்டும் என்று, பிறந்ததிலிருந்து கோழி இல்லாமல் சோறு இறங்காத பெண், மாதம் முழுக்கச் சைவம் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். அம்மா இப்போது சுவரைப் பிடித்து நாலு அடி வைக்கிறார். வேண்டுதல் பலிக்கிறது என்பதில் விசாலிக்குத் துளியும் சந்தேகமில்லை.

ஆனால் தோழி பிரேமலாவுக்கு இந்த 'தூஜோ ஆங்கின்' உணவகத்தை விட மனமில்லை. தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா எல்லாம் ஒரே மெனுவில். ஜேபி என்று எல்லாரும் சொல்லும் ஜொகூர் பாருவே வரிசையில் நிற்கிறது. இரண்டு வாரம் முன்பே மேசை பிடித்திருந்தாள். "சைவமும் இருக்குடி, வா லா," என்று விசாலியையும் இன்னொரு தோழி பரக்கத் நிஷாவையும் இழுத்து வந்துவிட்டாள். விசாலியும் பரிமாறுபவனிடம் மூன்று தடவை கேட்டாள். இறைச்சி? இல்லை. மீன்? இல்லை. முட்டை? இல்லவே இல்லை. "சாயோர் சாஜா, கா. வெறும் காய்கறிதான்," என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான். அப்புறம் பிரேமலா சோற்றை எட்டுக் கோணத்தில் படம் பிடித்து முடிக்கப் பத்து நிமிடம். இப்போது கரண்டியைத் தூக்கினால், இவன்.

"ஹலோ, யாரு நீங்க? தட்டை வைங்க."

"இல்ல... இது வந்து..."

"வந்து என்ன? பொண்ணுங்ககிட்ட பேச வேற சாக்கே கிடைக்கலையா? என் சோறுதான் கிடைச்சுதா?"

பக்கத்து மேசைகளில் தொலைபேசிகள் உயர்ந்தன. அவன் முகம் காது மடல் வரை சிவந்தது. வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. அதற்குள் மேலாளர் ஓடி வந்துவிட்டார். விசாலிக்கு ஏறிய கோபம் இறங்கவில்லை.

"உங்க கடையில சாப்பிட வர்றவங்க தட்டுலயே கை வைப்பாங்களா? நல்லா நடத்துறீங்க."

அவன் எங்கள் ஆள் இல்லை, பழம் கொண்டு வருபவன் என்று மேலாளர் மன்னிப்புக் கேட்டார். அவன் பக்கம் திரும்பி, இனி உன் பழமும் வேண்டாம், நீயும் வேண்டாம் என்று மலாயில் பொரிந்து தள்ளினார்.

அவன் தட்டை மெல்ல மேசையில் வைத்தான். அவளைப் பார்த்தான். இப்போது சொல்கிறேன்... அம்மாடி, அந்தக் கண்கள்! கோபம் துளியும் இல்லை. அடிபட்டதை மறைக்கத் தெரியாத கண்கள்.

"அதுல மீன் சாஸ் இருக்குங்க," என்றான். மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

நிஷாதான் எழுந்து போய்ச் சமையல்காரரையே கூட்டி வந்தாள். அவர் வெள்ளந்தியாகச் சிரித்தார். ஆமாம், மீன் சாஸ் இரண்டு கரண்டி, காய்ந்த இறாலும் இடித்துப் போட்டிருக்கிறேன். ஆனால் மீன் துண்டு ஒன்றும் இல்லையே, என்றார். அவர் கணக்கில் துண்டு இல்லாவிட்டால் அது காய்கறி.

"திவாகரன் நல்ல பையன்," என்றார் போகிறபோக்கில். "பெக்கான் நானாஸ்ல தோட்டம். சிங்கப்பூர் வேலைய விட்டுட்டு வந்து நட்டது. முதல் விளைச்சலுக்குக் கிடைச்ச முதல் பெரிய கடை இதுதான்."

விசாலி தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அலமாக்," என்றாள் பிரேமலா. "உன் விரதத்தைக் காப்பாத்துனவரு பொழப்புல மண்ணப் போட்டுட்டியேடி."

அன்று சாயங்காலமே விசாலி மேலாளரிடம் தொலைபேசியில் பேசினாள். பல் மருத்துவர் அவள். பிடுங்க வேண்டியதைப் பிடுங்காமல் விடமாட்டாள். அரை மணி நேரத்தில் அவர் இறங்கி வந்தார். உடனே சமையல்காரரிடம் எண் வாங்கித் திவாகரனுக்குச் செய்தி அனுப்பினாள். 'பேசிட்டேன். திங்கட்கிழமையிலேர்ந்து பழம் கொண்டு போகலாம்.'

பதில் வந்தது. 'நன்றி. வேணாங்க.'

அவ்வளவுதான். என்ன திமிர்... போகட்டும், நமக்கென்ன என்று தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். ஐந்து நிமிடத்தில் திருப்பிப் பார்த்தாள். அந்த வாரம் முழுக்க அதே கதைதான். நோயாளி வாயைத் திறந்தால், இவளுக்கு வார்த்தை வராமல் திறந்த இன்னொரு வாய் ஞாபகம் வந்து தொலைத்தது. மன்னிப்புக் கேட்கலாம்தான். ஆனால் விசாலி அந்த வார்த்தையைக் கடைசியாகச் சொன்னது எந்த வயதில் என்று அவள் அம்மாவுக்கே நினைவில்லை.

அடுத்த சனி, பெருமாளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. அவள் மைவி கார் தன்பாட்டில் பெக்கான் நானாஸ் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது.

சாலையோரம் தகரக் கூரை, அதன் கீழ் அடுக்கடுக்காய் அன்னாசி. அவள் காரை நிறுத்தவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. ஓடி வந்து கூரைக்குள் புகுந்தாள். திவாகரன் பழம் சீவுவதை நிறுத்தினான்.

"பழம் வாங்க வந்தேன்," என்றாள் முந்திக்கொண்டு.

"இவ்வளவு தூரமா? ஜேபில பழமே கிடைக்கலையா?"

"கிடைக்கல."

ஒரு துண்டு சீவி நீட்டினான். "பயப்படாம சாப்பிடுங்க. வெறும் உப்பு, மிளகாத்தூள்தான்."

கடித்தாள். தேன். அதைச் சொல்லவில்லை.

"ஏன் வேணாம்னீங்க? நான் எவ்வளவு சண்டை போட்டு வாங்கிக் குடுத்தேன் தெரியுமா?"

"அவருகிட்ட அவ்வளவு பேசுனீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை பேசலையே..." தலையைக் குனிந்துகொண்டான். "பிச்சை போட்ட மாதிரி இருந்துச்சுங்க."

தகரத்தில் மழை இரைந்தது. விசாலி சுவரைப் பிடித்து நடக்கும் அம்மாவை நினைத்துக்கொண்டாள். முதல் அடிதான் கஷ்டம் போலிருக்கிறது.

"மன்னிச்சிருங்க," என்றாள். "நாலு பேரு முன்னாடி உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தப்பு என் மேலதான்."

அவன் முகம் மெல்லத் தெளிந்தது. "என் மேலயும்தான். பக்குவமா சொல்லியிருக்கலாம். நீங்க மூணு தடவை கேட்டது அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. சொல்லணும்னுதான் ஓடி வந்தேன். உங்களைப் பாத்ததும் பேச்சு நின்னுபோச்சு... அதான் கை முந்திக்கிச்சு."

இப்போது சிவந்தது இவள் காது.

"திங்கட்கிழமை பழம் போடுறீங்களா?"

"போடுறேங்க."

முடிந்துவிட்டது. மழையும் விட்டுவிட்டது, பாழாய்ப்போன மழை. இரண்டு பழத்தைப் பையில் போட்டுக் கார் வரை வந்து கொடுத்தான். விசாலி வண்டியைக் கிளப்பினாள். கண்ணாடியில் அவன் தெரிந்தான்; கூரைக்குத் திரும்பி, கையில் கத்தியோடு, அசையாமல். இப்படியே போனால் இனி இவனைப் பார்க்க ஒரு காரணமும் கிடையாது. எல்லாக் கணக்கும் நேராகிவிட்டது.

வண்டியை அணைத்தாள். இறங்கி, சேற்றைப் பார்க்காமல் நடந்து போய் அவன் முன்னால் நின்றாள்.

"நான் பழம் வாங்க வரல," என்றாள். "மன்னிப்பு கேக்கவும் வரல. அதை ஃபோன்லயே கேட்டிருக்கலாம். உங்களைப் பாக்கணும் போல இருந்துச்சு. வாரம் பூரா இருந்துச்சு. அதான் வந்தேன்."

திவாகரன் கத்தியைக் கீழே வைத்தான். மறுபடி பேச்சு நின்றுவிட்டதோ என்று விசாலி பயந்தாள்.

"நான் தினமும் லோரிய எடுத்துக்கிட்டு ஜேபிக்கு வந்தேங்க," என்றான் கடைசியில். "அந்தக் கடை வாசல்ல நிறுத்திட்டு உக்காந்திருப்பேன். ஒருவேளை மறுபடி வருவீங்களோன்னு."

"பழம் போட மாட்டேன்னுட்டு?"

"வெறும் லோரிதான். செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு. அன்னைக்கும் உக்காந்திருந்தேன்."