பன்னிரண்டு ரோகுவும் பன்னிரண்டு துடுப்பும்

தமிழ்நாட்டு வரலாற்றில், ஏன், உலக வரலாற்றிலேயே முதன்முறையாக, வெயிலை வென்ற மீன் 1983ஆம் ஆண்டு மே மாதம் பதினான்காம் நாள் மாலை நான்கு மணிக்கு மாண்புமிகு அமைச்சரின் பொற்கரங்களால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்படவிருந்தது.

அன்று பகல் ஒன்றே முக்காலுக்கு அந்த மீன்கள் செத்து மிதந்தன.

திருவாரூருக்குத் தெற்கே, நெடுவாய்க்கால் மீன்பண்ணை. விழாவுக்காகத் தனியே ஒதுக்கிய குட்டையில் பன்னிரண்டு ரோகு மீன்கள் வாயைப் பிளந்து மல்லாந்து கிடந்தன. தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்தான் முதலில் பார்த்துக் கத்தினார்.

பிற்பகல் 2.10. சப்-இன்ஸ்பெக்டர் காயாரோகணம் வந்து இறங்கியபோது குற்றவாளி தயாராக இருந்தார். பண்ணைக் காவலாளி தங்கையன். கைகளைத் துண்டால் கட்டி உரக் கொட்டகையில் உட்கார வைத்திருந்தார்கள். பண்ணைக் கண்காணிப்பாளர் குஞ்சிதபாதம், தாம் எழுதிய நாற்பது பக்கச் சாதனை அறிக்கையை மார்போடு அணைத்தபடி வரவேற்றார்.

"விஷம் வச்சுட்டான் சார். குடிசையில பூச்சிமருந்து பாட்டில் இருந்துச்சு."

"விவசாயம் பண்றவர் வீட்டுல பூச்சிமருந்து இல்லாம அத்தரா இருக்கும்? ஏன் வைக்கணும்?"

"மேடையில அவன் பேரைச் சொல்லப்போறதில்லைன்னு கோவம். மீனை அவன்தான் வளர்த்தானாம்."

"யார் வளர்த்தது?"

குஞ்சிதபாதம் அறிக்கையைத் தடவிக்கொடுத்தார். "துறை வளர்த்தது."

தங்கையனுக்கு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், நிலம் இருந்தது. நில உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதார் துரைராசுவிடமிருந்து எடுத்து அரசு கொடுத்தது. கிரிமினல் வழக்கு ஒன்று விழுந்தால் போதும், பட்டாவை ரத்து செய்யச் சொல்லி மனு போட மிராசுதாரின் வக்கீல் காத்திருந்தார். மிராசுதாரின் கார் ஏற்கெனவே பண்ணை வாசலில் நின்றது. விழாவுக்கு வந்தேன் என்றார். விழா எது என்று சொல்லவில்லை.

2.25. கொட்டகை.

"சொல்லுங்க, தங்கையன்."

"ஆறு வருசமாச்சுங்கய்யா. அந்தக் குட்டை முழங்கால் தண்ணி. சித்திரையில சூட்டுல கால் வைக்க முடியாது. அதுல செத்தது போக மிஞ்சுறதுல எது பெருசா வளந்துச்சோ அதை மட்டும் வச்சு, முட்டை விட ஊசி போட்டு, குஞ்சு எடுப்பேன். அந்தக் குஞ்சையும் அதே குட்டையில விடுவேன். இது மூணாந் தலைமுறை."

"அடையாளம்?"

"விரல் நீளம் இருக்கையிலயே அடிவயித்துல இடது துடுப்பை அடியோட நறுக்கிடுவேன். இதுங்களுக்கு நறுக்கி ரெண்டு வருசம் ஆவுது."

"மத்த மீனெல்லாம்?"

"ஆபீஸ்ல வித்துட்டாங்க. இந்தப் பன்னெண்டுதான் மிச்சம். ஆடியில முட்டைக்கு விடலாம்னு இருந்தேன்."

"நேத்து எங்க இருந்தீங்க?"

"வளைவுக்கு வாழைமரம் ஏத்தியாரச் சொல்லி கண்காணிப்பாளர் அய்யாதான் லாரியில திருவையாறு அனுப்புனாரு. இருட்டித்தான் வந்தேன். விடிஞ்சதுலேருந்து பந்தல் வேலை. செத்ததை ஒரு தடவை பாத்துக்குறேன்னேன், விட மாட்டேங்குறாங்கய்யா."

2.40. குட்டை. காயாரோகணத்தின் தாய் நாகப்பட்டினத்தில் கூடை சுமந்து மீன் விற்றவர். பிள்ளைக்கு மீனைப் புரட்டிப் பார்க்காமல் எதையும் நம்பும் பழக்கம் இல்லை. புரட்டினார். இடது துடுப்பு இல்லை. வெட்டிய இடத்தில் சிவப்பாகச் சதை தெரிந்தது. கரையோரம் தானாக வந்த பொடிமீன்கள் துள்ளின. தவளை ஒன்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் கை விட்டவர் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

2.55. சமையல் கொட்டகை. தங்கம்மாள் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அமைச்சருக்கு என்னம்மா சாப்பாடு?"

"மீன் கொழம்பு, வறுவல். பன்னெண்டு மணிக்கே பயணியர் மாளிகைக்குப் போயிடுச்சுங்க."

"மீன் ஏது?"

"ஐஸ் பெட்டியில வந்துச்சு, அரிஞ்சேன். ஒவ்வொண்ணும் கைக்குழந்தை கனம்."

அடுத்த இருபது நிமிடம், காவல்துறையின் மாட்சிமை ஒரு குச்சியை வைத்துக்கொண்டு குப்பைக்குழியைக் கிளறியது. கான்ஸ்டபிள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

3.20. விழாப் பந்தல். தங்கையனையும் அழைத்து வந்தார்கள், கட்டோடு.

"விஷம் இல்லை," என்றார் காயாரோகணம். "விஷம்னா பொடிமீன்தான் முதல்ல போகும். அது துள்ளுது, அந்தத் தண்ணிச் சூடு அதுக்குப் பழக்கம். பன்னெண்டும் வெயில்ல செத்துச்சு."

"வெயிலா? இது வெயிலை வென்ற…" என்று தொடங்கினார் குஞ்சிதபாதம்.

"இது அது இல்லை சார். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நறுக்கினா தோல் மூடியிருக்கும். இதுல புண்ணு பச்சையா இருக்கு. பண்ணையில இருக்குற ஆழக்குளத்துச் சாதா மீனை நேத்துப் புடிச்சு, துடுப்பை வெட்டி, இங்க விட்டிருக்கு."

"அப்ப அசல் எங்கேய்யா?" என்றார் மிராசுதார்.

"குப்பைக்குழியில பன்னெண்டு தலை கிடக்கு. ஒரு மீனுக்கு அடிவயித்துத் துடுப்பு ரெண்டு. இருபத்துநாலு இருக்கணும். பன்னெண்டுதான் இருக்கு. எல்லாமே வலது."

தங்கையனுக்குத்தான் முதலில் புரிந்தது. கட்டிய கைகளோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"தங்கையனைத் திருவையாறுக்கு அனுப்பினது யாரு சார்?"

குஞ்சிதபாதத்தின் அறிக்கை மார்பிலிருந்து வயிற்றுக்கு இறங்கியது. "பெரிய மீனா வேணும்னு மேலேருந்து சொன்னாங்க. பண்ணையிலயே பெருசு அதுதான். மீன்தானே சார், ஒண்ணுக்கு ஒண்ணு வச்சுட்டேனே."

"நாப்பது பக்கம் எழுதியிருக்கீங்க. அதுல ஒரு வரியை நம்பியிருந்தாக்கூட, சாதா மீனை அந்தக் குட்டையில விட்டிருக்க மாட்டீங்க. நம்பின ஒரே ஆளைக் கட்டிப் போட்டிருக்கீங்க."

புகார் திரும்பப் பெறப்பட்டது. அமைச்சருக்கு மீன் சமைத்துப் போட்டதைத் தண்டிக்க எந்தச் சட்டப் பிரிவும் இல்லை. மிராசுதாரின் கார் பந்தலைச் சுற்றித் திரும்பிப் போனது. பட்டா பிழைத்தது.

கட்டு அவிழ்ந்ததும் தங்கையன் குட்டைக்குப் போனார். செத்த மீன் ஒன்றைத் தூக்கி, வெட்டுக் காயத்தை விரலால் தொட்டார்.

"ஒரு பகலுக்கே தாங்கலை பாருங்க. நம்மளுது ரெண்டு கோடை தாங்குச்சுங்கய்யா."

அதைவிடத் தெளிவான சான்று நாற்பது பக்கத்தில் எங்கும் இல்லை.

4.00. அமைச்சர் வந்தார். மீன் இல்லாததால் அறிக்கை வெளியிடப்பட்டது. மதியச் சாப்பாடு எப்படி இருந்தது என்று குஞ்சிதபாதம் பணிவோடு கேட்டார்.

முள் அதிகம் என்றார் அமைச்சர்.