தலைமாட்டுக் கயிறு

அந்தக் கயிறு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

பிணம் கிடக்கும் கூடத்தில் கணப்பு மூட்டுவதில்லை. மெழுகும் ஈரக் கம்பளியும் கலந்த வாடைக்கு நடுவே அப்பாவின் பெட்டி இருந்தது. அதைக் குழிக்குள் இறக்கும் கறுப்புக் கயிறுகள் சுற்றிலும் தொங்கின. ரானல்ட் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். எல்லாம் சில்லிட்டிருந்தன. தலைமாட்டுக் கயிற்றை மட்டும் யாரோ இப்போதுதான் பிடித்துவிட்டுப் போனதுபோல இருந்தது. தன் உள்ளங்கைச் சூடுதான் என்று சமாதானம் செய்துகொண்டான்.

அது அவனுக்கு உரிய கயிறு அல்ல. கில்வாரன் வம்சத்தில் அப்பனின் தலைமாட்டைப் பிடித்து இறக்குகிறவன்தான் அடுத்த சர். பட்டம், மாளிகை, ஏரிக்கரை நிலம் எல்லாம் மூத்தவன் லாக்லனுக்கு. இரட்டையரில் அவன் கொஞ்சம் முந்திக்கொண்டு பிறந்துவிட்டான், அவ்வளவுதான். முகமும் குரலும் ஒன்றுதான். ஆனால் ரானல்டுக்குக் கால்மாட்டுக் கயிறு.

பட்டத்தைக்கூட அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். வாலிப வயதில் ஒருநாள் அப்பா லாக்லனை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டு, காதோடு காதாக ஏதோ சொன்னார். தலைமாட்டுக் கயிறு பிடிக்கப் போகிறவனுக்கு மட்டும் சொல்வது அது. கதவிடுக்கில் நின்ற ரானல்டுக்கு அப்பாவின் உதடுகள் அசைவது தெரிந்தது; ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அன்று மூண்ட வயிற்றெரிச்சல் இன்றுவரை அடங்கவில்லை.

அடக்கத்தன்று காலையில் லாக்லன் வழியிலிருந்து போன் செய்து, கணவாய்ப் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டான். முந்தின இரவே பனி அதை மூடியிருந்தது.

"தாராளமா வாடா, வழி சுத்தமா இருக்கு," என்றான் ரானல்ட்.

அவன் கொஞ்சம் தாமதமானால் போதும், வேறெதுவும் நான் நினைக்கவில்லை என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

லாக்லன் வந்து சேரவில்லை. பிற்பகலிலேயே இருட்டிவிடும் மாதம்; இனிக் காத்திருக்க முடியாது என்றார் பாதிரியார். பெட்டி கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. ரானல்ட் தலைமாட்டுக்குப் போய் நின்றதும் அப்பாவின் தங்கை எஃபி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

"லாக்லன் உன்கிட்ட அதைச் சொல்லியிருக்கானாடா?"

"எல்லாம் எனக்குத் தெரியும் அத்தை. நீங்க தள்ளி நில்லுங்க."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு விலகிப்போனாள்.

பனி விழுந்துகொண்டிருந்தது. லாந்தர் வெளிச்சத்தில் குழியின் விளிம்பு மட்டும் தெரிந்தது. உள்ளேயிருந்து பச்சை மண்ணின் வாடை வந்தது. கயிறு கையில் வழுக்கியது. கடைசி நேரத்தில் லாக்லன் வந்து பிடுங்கிக்கொள்வானோ என்ற பயத்தில், கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டான். இன்னொரு சுற்று. இன்னும் இறுக்கி. இனி யார் வந்தாலும் இது என்னுடையது.

பெட்டி இறங்கியது. மற்றவர்கள் பாரத்தில் முனகினார்கள். ரானல்டின் கயிற்றில் பாரமே இல்லை. அடியில் மரம் மண்ணில் உட்காரும் சத்தம் கேட்டது. எல்லாரும் கயிறுகளைக் குழிக்குள் போட்டுவிட்டு, வழக்கப்படி திரும்பிப் பாராமல் நடந்தார்கள்.

அவனும் சுற்றைப் பிரிக்கப் போனான்.

கயிறு வெதுவெதுத்தது. ஓர் இழுப்பு. மெல்ல. கீழிருந்து.

கூப்பிட்டான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னோர் இழுப்பு. முழங்கால் மண்ணில் இடித்தது.

பின்னால் பனியில் காலடி. லாக்லன். தலையில் பனி. தோளில் பனி. திறந்த கண்களிலும் பனி. உருகவில்லை.

"அப்பா உன்கிட்ட என்னடா சொன்னாரு? சொல்லுடா."

லாக்லன் குனிந்தான். ரானல்டின் மூச்சு புகையாகப் பறந்தது. லாக்லனிடம் புகையே இல்லை. உதடுகள் காதில் பட்டன. கல் குளிர்ச்சி.

"கையில சுத்திக்காதேன்னாரு. அவ்வளவுதான்."

பிறகு அவன் நடந்துபோய், ரானல்டுக்கு உரிய கால்மாட்டில் தலைகுனிந்து நின்றான். விளிம்பு மண் பொலபொலவென்று சரிய, கயிறு நிதானமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.