டிரைவர் மாமாவின் தூக்கம்

அந்த வீட்டு அழைப்பு மணியை அமுக்கினால் குயில் கூவும். மற்ற வீடுகளில் இருப்பதுபோல 'டிர்ர்ர்' என்று கத்தியிருந்தால், கடுகு அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள்.

கடுகு என்பது பட்டப்பெயர். வகுப்பிலேயே குள்ளம் அவள்தான். படியேறுவதில் வேகமும் அவள்தான். அவள் வீடு இரண்டாம் மாடியில் இருந்தது. முதல் மாடியில் எதிரெதிராக இரண்டு கதவுகள். ஒன்று பஸ் ஓட்டும் டிரைவர் மாமாவின் வீடு, குயில் கூவும் வீடு. இன்னொன்று நர்ஸ் அத்தையின் வீடு. அத்தையின் மகன் கடுகின் வகுப்பில்தான் படித்தான். மூக்கில் எப்போதும் சரிந்து கிடக்கும் கண்ணாடியால் அவனுக்கும் 'கண்ணாடி' என்றே பெயர்.

ஒரு திங்கட்கிழமை, பள்ளி விட்டு வரும்போது கடுகு சும்மா அந்த மணியை அமுக்கிப் பார்த்தாள்.

குக்கூ! குக்கூ!

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. "யாரது?" என்று தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல். கடுகு ஒரே ஓட்டமாக மேலே ஓடிவிட்டாள். மாமா கதவைத் திறந்து, யாரையும் காணாமல், "காத்தா வந்து அடிச்சுது?" என்று முணுமுணுத்தது மேலே கேட்டது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

செவ்வாயும் அடித்தாள். புதனும் அடித்தாள். வியாழன் அன்று மாமா கோபத்தில் இடது செருப்பை வலது காலில் மாட்டிக்கொண்டு வந்ததை மாடி வளைவிலிருந்து எட்டிப் பார்த்து, வயிறு வலிக்கச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமையும் அடித்துவிட்டு ஓடினாள். ஆனால் அன்று அவள் பின்னாலேயே கண்ணாடி படியேறி வந்துகொண்டிருந்தான். தன் வீட்டு வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றும்போது எதிர்க் கதவு படாரென்று திறந்தது.

"மாட்டினியா! அஞ்சு நாளா நீதானா?"

"நான் இல்ல மாமா."

"வாசல்ல நீதான் நிக்கிற. நீ இல்லன்னா பேயா அடிச்சுது?"

சத்தம் கேட்டு நர்ஸ் அத்தை வெளியே வந்தார். "எதுக்கு என் பிள்ளையத் திட்டுறீங்க?"

"விடியக்காலை மூணு மணிக்கு எழுந்து வண்டி எடுக்கறவன் நான். மதியம் தூங்கினாத்தான் உண்டு. உங்க பையன் தினமும் மணியடிச்சு விளையாடுறான்!"

"அவன் இல்லன்னு சொல்றான்ல? என் பிள்ளை பொய் சொல்ல மாட்டான்."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

இரண்டு குரல்களும் உயர்ந்துகொண்டே போயின. மாடி வளைவில் கம்பியைப் பிடித்தபடி கடுகு நின்றாள். 'கீழே போ, சொல்லு' என்று மனம் சொன்னது. கால்கள் நகரவில்லை. கண்ணாடி தலையைக் குனிந்து நின்றான். அவன் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது. அதைக்கூட யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் அறைந்து சாத்தப்பட்டன.

அதுவரை அந்த இரண்டு வீடுகளும் ஒரு வீடு மாதிரிதான் இருந்தன. அத்தை வேலைக்குப் போகும்போது சாவியை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போவார். மாமாவின் ரத்த அழுத்தத்தை அத்தை வாரம் ஒருமுறை பார்த்துச் சொல்வார். அன்றிலிருந்து எல்லாம் நின்றுபோயிற்று. ஒருவர் படியேறினால் இன்னொருவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்கினார்.

பள்ளியில் தினமும் காலையில் டீச்சர் எல்லாரையும் ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்காரச் சொல்வார். "பேசக் கூடாது, அசையக் கூடாது. மனசு அமைதியாகட்டும்."

திங்கட்கிழமை கடுகு கண்ணை மூடினாள். மூடியதும் காதுக்குள் குக்கூ என்றது. கண்ணை இன்னும் இறுக்கி மூடினாள். அழுகை வராமலிருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்தாள்.

"எல்லாரும் கடுகைப் பாருங்க!" என்றார் டீச்சர். "எவ்வளவு அமைதியா உட்கார்ந்திருக்கா! இனி இவதான் நம்ம வகுப்புக்கு அமைதித் தலைவி."

கைதட்டினார்கள். இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த கண்ணாடியும் தட்டினான். கடுகுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அன்று மாலை அவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா தையல் மெஷினில் இருந்தார். டிரைவர் மாமாவின் மனைவி மாமாவின் காக்கிச் சட்டையைத் தைக்கக் கொண்டுவந்தார். சட்டையின் தோளில் நீளமாக ஒரு கிழிசல்.

"என்னக்கா இப்படிக் கிழிஞ்சிருக்கு?" என்று அம்மா கேட்டார்.

"வண்டியை டெப்போக்குள்ள திருப்பும்போது ஒரு நொடி கண் அசந்துட்டாராம். சுவர்ல தேய்ச்சுட்டாரு. பதறிப்போய் இறங்கினப்ப கதவுக் கம்பியில சட்டை மாட்டிக்கிச்சு."

"ஐயையோ! யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"நல்லவேளை, வண்டியில யாரும் இல்ல. ஆனா பத்து நாளைக்கு வண்டி எடுக்க வேணாம்னுட்டாங்க. இருபத்திரண்டு வருஷமா ஒரு கீறல் இல்லாம ஓட்டின மனுஷன். வீட்டுல உட்கார்ந்து சுவரையே பாத்துக்கிட்டு இருக்காரு." மாமாவின் மனைவி பெருமூச்சு விட்டார். "ஒரு வாரமா மதியத் தூக்கம் கெட்டுச்சு. அப்புறம் அந்தச் சண்டை. மனசு கொதிச்சுக்கிட்டே இருந்தா ராத்திரியிலயும் தூக்கம் எங்க வரும்?"

கடுகின் பென்சில் முனை பட்டென்று உடைந்தது.

வண்டியில் ஆட்கள் இருந்திருந்தால்? சுவருக்குப் பக்கத்தில் யாராவது நின்றிருந்தால்? அதற்குமேல் அவளால் நினைக்க முடியவில்லை. அன்று அம்மா இரண்டு முறை கூப்பிட்டும் அவள் சாப்பிட வரவில்லை.

சொல்லிவிட வேண்டும். ஆனால் எப்படி? முகத்தைப் பார்த்துச் சொல்வதை நினைத்தாலே காதெல்லாம் சூடானது. கடைசியில் ஒரு வழி தோன்றியது. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கையெழுத்து தெரியாமலிருக்க இடது கையால் எழுதினாள்.

'டிரைவர் மாமாவுக்கு, மணி அடித்தது கண்ணாடி இல்லை. அது வேரு ஆள். இப்படிக்கு, நல்லது நினைப்பவர்.'

பள்ளிக்குப் போகும்போது அதைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டாள். மனம் கொஞ்சம் லேசானது. பள்ளிக்கூடம் வரை துள்ளிக்கொண்டே போனாள்.

மாலையில் திரும்பி வந்தபோது முதல் மாடியில் மறுபடியும் சண்டை.

"பாருங்க, உங்க பையன் கைவரிசையை!" மாமா அந்தத் தாளை ஆட்டினார். "தான் இல்லன்னு தானே மொட்டைக் கடுதாசி எழுதிப் போட்டிருக்கான்! நல்லது நினைப்பவராம்!"

"நீ எழுதினியா?" என்று நர்ஸ் அத்தை மகனிடம் கேட்டார். இந்த முறை அவர் குரலிலேயே சந்தேகம் இருந்தது.

"இல்லம்மா."

"பின்ன யாருடா எழுதினது?"

கண்ணாடி தாளை வாங்கிப் படித்தான். மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு இன்னொரு முறை படித்தான். படிக்கட்டில் நின்ற கடுகை ஒரு நொடி பார்த்தான். "தெரியாதும்மா" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தான்.

"ஒரு வாரம் விளையாடப் போகக் கூடாது. உள்ள போ!" என்றார் அத்தை.

மறுநாள் இடைவேளையில் குழாயடியில் கண்ணாடி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். கடுகு பக்கத்தில் போய் நின்றாள்.

அவனே பேசினான், பாட்டிலைப் பார்த்தபடி. "'வேறு'க்கு வல்லின ற போடணும். நாலு மாசமா நீ தப்பாவே எழுதுற."

கடுகுக்கு உடம்பெல்லாம் கூசியது. "உனக்குத் தெரியுமா?"

"ம்."

"அப்ப ஏன் அங்கயே சொல்லல?"

கண்ணாடி பாட்டிலை மூடினான். "நீயே சொல்லுவேன்னு நினைச்சேன்."

அவ்வளவுதான். போய்விட்டான். திட்டியிருந்தால் பரவாயில்லை. கிள்ளியிருந்தால்கூடப் பரவாயில்லை. 'நினைச்சேன்' என்று அவன் சொன்ன விதத்தில், இனிமேல் அப்படி நினைக்க மாட்டான் என்பது தெரிந்தது. கடுகு குழாயைத் திறந்து வெகுநேரம் முகத்தைக் கழுவினாள்.

மணி அடித்ததும் அவள் நேராக டீச்சரிடம் போனாள். "டீச்சர், அமைதித் தலைவியா நான் இருக்க மாட்டேன்."

"ஏம்மா?"

"நான் வெளியில மட்டும்தான் அசையாம உட்காருறேன், டீச்சர்."

டீச்சர் அவளைக் கூர்ந்து பார்த்தார். "சரி" என்று மட்டும் சொன்னார்.

பள்ளி விட்டதும் கடுகு முதல் மாடியில் நின்றாள். மணியை நோக்கி விரல் போனது. தொட முடியவில்லை. விரலை மடக்கிக் கதவை மெதுவாகத் தட்டினாள்.

மாமா கதவைத் திறந்தார். கண்கள் சிவந்து, மழிக்காத தாடியோடு இருந்தார். "என்ன கடுகு, அம்மா சட்டை தைச்சுக் குடுத்தாங்களா?"

"மாமா, மணி அடிச்சது நான்தான்."

"எந்த மணி?"

"அஞ்சு நாளும் நான்தான். கடுதாசியும் நான்தான். கண்ணாடி ஒண்ணுமே பண்ணல."

மாமா புருவத்தைச் சுருக்கினார். "ஏன் அடிச்சே?"

சொல்ல எத்தனையோ பொய்கள் இருந்தன. கடுகு தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொன்னாள். "குயில் மாதிரி கூவுச்சு. அப்புறம், நீங்க தூக்கத்துல எழுந்து வந்து திட்டுறது சிரிப்பா இருந்துச்சு."

சொல்லும்போதே அதில் சிரிப்பு எதுவும் இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது. கண்ணீர் சொட்டென்று ஷூவின் மேல் விழுந்தது.

"சிரிப்பா இருந்துச்சா?" மாமாவின் குரல் கடுமையாகத்தான் இருந்தது. "அந்தச் சுவருக்குப் பதிலா ஒரு ஆள் நின்னிருந்தா என்ன ஆயிருக்கும், தெரியுமா?"

"தெரியும் மாமா. எப்பவும் அதையே நினைக்கிறேன்."

மாமா கதவைப் பிடித்தபடி நின்றார். பிறகு எதிர்க் கதவைப் பார்த்தார். மெல்ல அவர் முகமும் மாறியது.

"அந்தப் பையன் இல்லன்னு சொன்னான்" என்றார் தனக்குள். "ரெண்டு தடவை சொன்னான். நான் காதுலயே வாங்கல." கழுத்தைத் தடவிக்கொண்டார். "வா. ரெண்டு பேரும் போவோம்."

இருவரும் எதிர் வாசலில் போய் நின்றார்கள்.

"தட்டு" என்றார் மாமா.

"நீங்க தட்டுங்க மாமா."

"உன் தப்புதானே முதல்ல?"

"நீங்கதானே பெரியவங்க?"

யாரும் தட்டாமலேயே கதவு திறந்தது. நர்ஸ் அத்தை இடுப்பில் கை வைத்து நின்றார். "என் வாசல்ல நின்னு என்ன குசுகுசுன்னு பேச்சு?"

கடுகு சொன்னாள். இரண்டாம் முறை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. அத்தையின் பின்னால் கண்ணாடியும் நின்றான். அவனைப் பார்த்தே கடைசி வார்த்தைகளைச் சொன்னாள். "என் தப்புக்கு நீ திட்டு வாங்கின. நான் மேல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். மன்னிச்சிடு."

"நானும்தான்" என்றார் மாமா, தொண்டையைச் செருமிக்கொண்டு. "விசாரிக்காம கத்திட்டேன் தம்பி."

அத்தை மகன் பக்கம் திரும்பினார். "நானும் உன்னைச் சந்தேகப்பட்டேன்ல?" என்றார் தணிந்த குரலில். கண்ணாடி தலையை ஆட்டினான். அத்தை அவன் தலையைக் கோதிவிட்டார்.

பிறகு மாமாவைப் பார்த்தார். "உள்ள வந்து உட்காருங்க. கண்ணு ரெண்டும் தக்காளி மாதிரி இருக்கு. பிரஷர் மிஷின் எடுத்துட்டு வரேன்."

மாமா குழந்தை மாதிரி கையை நீட்டி உட்கார்ந்தார். ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு அத்தை போட்ட சத்தம் மூன்றாம் மாடி வரை கேட்டது. ஆனால் அது சண்டைச் சத்தம் இல்லை.

வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் கடுகு எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா மெஷினை நிறுத்தினார். திட்டவில்லை. "அவர் வேலைக்குத் திரும்பினப்புறம் என்ன பண்ணப் போற?" என்று மட்டும் கேட்டார்.

கடுகு அதை யோசித்து வைத்திருந்தாள்.

பத்து நாள் கழித்து மாமா மறுபடி வண்டி எடுத்தார். அன்று பள்ளி விட்டு வந்த கடுகு, முதல் மாடிப் படியில் நோட்டை விரித்து உட்கார்ந்துவிட்டாள். மாமா எழுந்திருக்கும் ஐந்து மணி வரை அங்கேதான் வீட்டுப்பாடம்.

பார்சல் கொண்டுவந்தவர் தடதடவென்று ஏறி வந்தார். "ஷ்ஷ்!" என்றாள் கடுகு.

"யாருக்காவது உடம்பு சரியில்லையா, பாப்பா?"

"இல்ல. ஒருத்தருக்குத் தூக்கம் சரியில்ல."

அவர் பெட்டியைப் பூனைக்குட்டி மாதிரி அணைத்துக்கொண்டு நுனிக்காலில் ஏறினார்.

கண்ணாடி மட்டும் தினமும் அவளைத் தாண்டி, பேசாமல் தன் வீட்டுக்குள் போனான். ஐந்து நாள் அப்படித்தான். கடுகு கூப்பிடவில்லை. கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை.

ஆறாம் நாள் அவன் உள்ளே போய், கணக்கு நோட்டோடு திரும்பி வந்தான். இரண்டு படி தள்ளி உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு படி நகர்ந்தான்.

அப்போது மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. கர்ர்ர்... புஸ்ஸ்... கர்ர்ர்... புஸ்ஸ்...

கண்ணாடி காதைத் தீட்டினான். "லாரியா?" என்று கிசுகிசுத்தான்.

"இல்ல, பஸ்" என்றாள் கடுகு. "மேடு ஏறுது."

இருவரும் அவசரமாக வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரிப்பு வெளியே வந்து மாமாவை எழுப்பிவிடக் கூடாதே!